லாட்ச்மியர் வார்டு

லண்டனில் பாட்டர்ஸீ பகுதியைச் சேர்ந்த லாட்ச்மியர் வார்டுக்குச் சென்றிருந்தோம். 1903-ல் நகரசபையே தொழிலாளருக்காகக் கட்டிய வீடுகள் அங்கே இருக்கின்றன. ஒரு தெருவின் பெயர் சுதந்திரத் தெரு. மற்றொன்று சீர்திருத்தத் தெரு. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய போயர் தளபதி ஜூபர்ட்டின் பெயரிலும் ஒரு தெரு!

பார்படோஸ் தீவுக்காரரின் மகனான ஜான் ஆர்ச்சர் என்ற கறுப்பரை இந்த வார்டு ஜனங்கள் 1906-ல் அங்கத்தினராக்கினார்கள், 1909-ல் கைவிட்டார்கள், 1912-ல் மீண்டும் அனுப்பினார்கள். மறு வருஷம் நகரசபை அங்கத்தினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தபோது ஆர்ச்சருக்கு 40 வோட்டு, எதிராளிக்கு 39. 1922-ல் நம் பம்பாய் சக்லத்வாலா வடக்கு பாட்டர்ஸீயிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றாரல்லவா? அவருக்குத் தேர்தல் ஏஜெண்டாக உழைத்தவரும் இந்த ஆர்ச்சரே.

நம் ஊர் வார்டுத் தேர்தலன்று வெயிலைச் சாக்கிட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட நமக்கு, அந்தத் தெருவில் நின்றபோது வெட்கமாகத்தான் இருந்தது.