ஒரு பக்கம் மட்டும் கேட்டால்

பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ படத்தில் நாயகனின் மனைவி உஷாவின் முகத்தை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் படம் முடிவதற்குள் அவள் எப்படிப்பட்டவள் என்று ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடுகிறோம். இதுதான் அந்தப் படத்தைப் பற்றி என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது.

2019-இல் வந்த படம். எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்ததும் அவரே. திரையில் அவரைத் தவிர வேறு மனித முகமே கிடையாது. கொலைச் சந்தேகத்தில் பிடித்து வரப்பட்ட மாசிலாமணி என்ற காவலாளியைப் போலீஸ் விசாரிக்கிறது. விசாரிக்கும் அதிகாரிகள், நோயாளி மகன், மனைவி உஷா எல்லோரும் நமக்கு வெறும் குரல்கள்தான். மாசிலாமணி பழைய சம்பவங்களைச் சொல்லும்போது வெளிச்சம் மாறுகிறது, சத்தம் மாறுகிறது. அந்த ஆளின் முகத்தில்தான் எல்லாமே நடக்கிறது. ஒளிப்பதிவு ராம்ஜி. தேசிய விருதுகளில் பார்த்திபனுக்குச் சிறப்பு நடுவர் விருதும், ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்கு விருதும் கிடைத்தன. காதாலேயே பார்க்க வைத்த படத்துக்கு அது நியாயமான மரியாதை.

துணிச்சலான கொலைக் கதை தமிழுக்குப் புதிதல்ல. வீணை எஸ். பாலசந்தர் 1954-லேயே பாட்டு இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். அதில் செத்துப்போன ஒருவனைப் பற்றிப் பலபேர் பலவிதமாகச் சொல்வார்கள். கேட்பவர் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கலாம். ‘ஒத்த செருப்பு’ படத்தில் அதற்கு வழியில்லை. உஷாவின் குரல் கேட்கிறதே தவிர, அதுவும் மாசிலாமணி சொல்லும் கதைக்குள்தான் கேட்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத அப்பன் தழுதழுத்துப் பேசும்போது நம் மனசு அவன் பக்கம் சாய்கிறது. அவள் வந்து தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்ல அங்கே நாற்காலி போடப்படவில்லை.

வீட்டுப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். முதலில் வந்து அழுதவர் சொன்னதுதான் மனசில் நிற்கும். பின்னால் வருகிறவர் என்ன சொன்னாலும் சமாதானம் சொல்வதுபோலத்தான் படும்.

சொந்தத்தில் ஒரு வீட்டில் பாகம் பிரிக்கும் பேச்சு நடந்தது. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அண்ணி அமுக்கிக்கொண்டாள் என்று தம்பி கண்கலங்கிச் சொன்னான். கூடத்தில் இருந்தவர்கள் ‘ச்சொ’ கொட்டினார்கள். அண்ணிக்காரி அடுப்படி வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “நீயும் இப்படி வந்து உட்காரும்மா” என்றேன். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனவள், பீரோவிலிருந்து அடகுச் சீட்டை எடுத்து வந்தாள். கூடவே வட்டி கட்டிய ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக வைத்த நகை. சின்னவன் மனசு கஷ்டப்படுவான், சொல்லாதே என்று மாமியாரே தடுத்திருக்கிறார். அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே “ஆமாம்ப்பா, நான்தான் சொன்னேன்” என்றார்.

தம்பி பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நம்மிடம் குறை சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். தாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை உண்மையாகவே சொல்கிறார்கள். அதனால்தான் பொய்யனை விட அவர்கள் பேச்சில் நாம் சுலபமாக விழுந்துவிடுகிறோம். இப்போதெல்லாம் கணவனோ மனைவியோ தனியாக வந்து ஆரம்பித்தால், காப்பி கொடுத்து ஆற அமரக் கேட்டுக்கொள்கிறேன். அபிப்பிராயம் மட்டும் சொல்வதில்லை. “ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமா வாங்க” என்று அனுப்பிவைக்கிறேன்.

அன்றைக்குப் பாகப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, சங்கிலியை மீட்க அண்ணன் எவ்வளவு போடுவது, தம்பி எவ்வளவு போடுவது என்று கணக்குப் போட உட்கார்ந்தோம்.