கொம்புடைய மருமகள்

கல்லூரி முடிந்து வீடு திரும்பிய ஒரு மாலை, மகள் கணினியின் முன்னிருந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். திரையிலே தலையிற் கொம்பு முளைத்த ஒரு பெண் ஆகாயத்திற் பறந்தாள். கடிந்துகொள்ள வாயெடுத்த நாமே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டோம்.

மானிடரும் மாய உருவினரும் ஒரே கூரையின்கீழ்க் குடித்தனம் நடத்தும் காதல் நகைச்சுவைகள், யப்பானிய 'அனிமே' சித்திரப் படங்களிலே பெருகிக் கிடக்கின்றன. அவற்றுள் மூத்தவற்றுள் ஒன்று 'உருசெய் யட்சுரா'. ருமிக்கோ தக்கஹாசி என்னும் பெண்மணி 1978 முதல் 1987 வரை வரைந்த சித்திரத் தொடர் அது. 1981 இல் தொலைக்காட்சிக்கு வந்தது. 2022 இல் புதிதாகவும் எடுக்கப்பட்டது.

பூமியைக் கைப்பற்ற வந்த வேற்றுலகத்தார், அத்தாரு என்னும் பையனோடு பத்து நாள் ஓடிப்பிடித்து விளையாடி வழக்கைத் தீர்க்க இசைகின்றனர். லம் என்பவளின் கொம்பை அவன் பற்றினாற் பூமி பிழைக்கும். வென்றால் மணப்பதாகப் பள்ளித்தோழி சினோபு வாக்களித்திருந்தாள். ஆகவே கொம்பைப் பிடித்ததும், இனிக் கலியாணந்தான் என்று கூவினான் பையன். தன்னையே கேட்கிறான் என்றெண்ணி லம் சம்மதித்துவிட்டாள்!

அவன் வீட்டிலேயே குடியும் புகுந்தாள். அவள் சமையலின் உறைப்பை மானிட நாக்குத் தாங்காது. உப்பிலிட்ட உமேக் காயைத் தின்றால் அவளுக்கு வெறியேறும். அவன் வேறொருத்தியைப் பார்த்தாலோ மின்சாரம் பாயும். (அவன் பார்க்காத பெண்ணுமில்லை.)

லம் 'ஓனி' என்னும் அரக்கர் குலத்தவள். யப்பானியர் தீயவை வரும் வழியென அஞ்சிய வடகிழக்கு, அவர்கள் கணக்கில் எருதும் புலியும் கூடிய திசை. எனவேதான் ஓனிக்கு எருதின் கொம்பும் புலித்தோலும் என்பர். பெப்ருவரித் தொடக்கத்தில், வறுத்த சோயா அவரையை வீசி ஓனியை வெளியே துரத்துவது அந்நாட்டு வழக்கம். துரத்தப்பட வேண்டியவளையே தக்கஹாசி நடுவீட்டில் இருத்திவிட்டார்.

பழங்கதைகள் இவ்வாறு முடிவதில்லை என்று மகளுக்கு எடுத்துரைத்தோம். காயமுற்ற கொக்கைக் காத்தவனிடம் அக்கொக்கே பெண்ணாய் வந்து, நெய்யும்போது பாராதே என்றது, அவன் பார்த்தான், அது பறந்துபோயிற்று. எங்கள் பாரதத்திலும், கேளாதே என்ற கங்கையைச் சந்தனு கேட்டான், அவள் போய்விட்டாள்.

"அவையள் ஒளிச்சவை, அப்பா. லம் கொம்பை ஒளிக்கேல்லையே, பிறகேன் போக வேணும்?" என்றாள் மகள்.

நாம் வாயடைத்துப் போனோம். எமக்கு இடக்காது மந்தம். கலியாணம் பேசியபோது அதை மறைத்தோம். பின்னரும் மூன்று வருடம் தலையைத் திருப்பித் திருப்பிச் சமாளித்தோம். தெரிந்தால் என்னாகுமோ என்று இரவில் விழித்துக் கிடந்ததுமுண்டு. மனைவியோ முதல் வாரமே அறிந்து, சோறு பரிமாறுகையில் வலப்பக்கமே வந்து நின்றிருக்கிறாள். அதை நாம் கவனிக்கவேயில்லை.

தொடரின் இறுதியிலும் ஓடிப்பிடித்தல் வருகிறது. காதலிக்கிறேன் என்று ஒரு சொல் அவன் சொல்லிவிட்டாற் போதும். பூமியே அழிந்தாலும் சொல்ல மாட்டேனென்று நிற்கிறான். ஆயுள் முழுதும் முயன்றாவது சொல்லவைப்பேன் என்கிறாள் லம். சாகுந்தறுவாயிற் சொல்வானாம்!

இதை நாம் விவரித்துக்கொண்டிருக்கையில் மனைவி தேநீரோடு வந்தாள். "நீங்கள் மட்டும் எப்பவாவது சொன்னனீங்களோ?" என்று கேட்டாள்.

அவள் நின்றது இடப்பக்கம். கேளாதவர்போலத் தேநீரை வாங்கிக்கொண்டோம்.