தாத்தாவின் இரட்டைக் குழல்

"வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், நல்ல விலைக்குப் போகும்" என்று யாராவது சொல்லிவிட்டால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான்.

தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய துரை தம் இரட்டைக் குழல் துப்பாக்கியை அவருக்குக் கொடுத்தார். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்தார். அவருக்குப்பின் அப்பா. அப்பாவும் காலமானதும், "அக்கா, இது இங்கிலீஷ் துப்பாக்கி. விற்றால் மகளின் காலேஜ் செலவுக்கு ஆகும். முதலில் புதுத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்கிறேன்" என்றான் தம்பி.

நான் தடுத்தேன். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. போலீசில் சொன்னோம், வந்து எடுத்துப் போனார்கள். பிறகு அவர்கள் அனுமதியோடு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் அதைச் சோதித்தார்.

மேலே பொறித்திருந்த ஆங்கிலப் பெயரை அவர் பொருட்படுத்தவில்லை. "இது விற்ற கடையின் பெயராக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம்" என்று குழலைக் கழற்றிக் கவிழ்த்தார். சோதனை முத்திரை அடிப்பக்கத்தில்தான் இருக்குமாம். இங்கிலாந்துத் துப்பாக்கி என்றால் லண்டன் அல்லது 1813இல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்க வேண்டும். எங்களுடையதில் முட்டை வடிவ வளையத்துக்குள் 'இ.எல்.ஜி.' என்றிருந்தது. அது பெல்ஜியத்தின் லீஜ் நகர முத்திரை!

குழல் முழுவதும் சுருள் சுருளாகக் கோலம். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த 'டமாஸ்கஸ்' குழலாம். அந்தக் காலத்துக் கருமருந்துக்காகச் செய்தது. இன்றைய தோட்டாவின் வேகத்தைத் தாங்காமல் வெடித்தால், குழலைப் பிடித்திருக்கும் கைதான் போகும். தம்பி தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பர்டி போன்ற பேர்பெற்ற பட்டறையின் வேலை, தேயாத குழல், மாற்றாத பாகங்கள் — இவைதான் விலையைக் கூட்டும். எங்களுடையதில் துருவும் தேய்மானமும்தான் மிச்சம். போலீசிடமே ஒப்படைத்துவிட்டோம்.

மகளின் படிப்புக்கு அத்தையும் அப்பனும் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் பெரியவர் விட்டுப்போன துப்பாக்கி இருந்தால், உள்ளே தோட்டா கிடக்கலாம், தொடாதீர்கள். முதலில் போலீசுக்குச் சொல்லுங்கள். விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.