உளியும் பிரம்பும்

 

திருவண்ணாமலை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? வானளாவிய கோபுரங்களும், கார்த்திகைத் தீபமும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் தூரம் மலையைச் சுற்றி நடக்கும் மக்கள் வெள்ளமுமாகத்தான் இருக்கும். அந்த ஊரில்தான் நான் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுக்கிறேன். ஓர் ஓதுவிக்கும் ஆசிரியரின் ஓய்வு நேரம் எப்படிக் கழியும் என்று நீங்கள் கேட்டால், மரத்தூளுக்கும் மரச்சுருளுக்கும் நடுவே கழிகிறது என்றே நான் விடை சொல்ல வேண்டும்!

மற்றவர்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. எங்களுக்கோ வியாழக்கிழமை லுஹருடன் மதரஸா முடிந்தால் மீண்டும் சனிக்கிழமை காலையில்தான். அந்த ஒன்றரை நாளில் ஜும்ஆவுக்கும் குடும்பத்துக்கும் உரிய நேரம் போக எஞ்சிய பொழுதை, வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் நிற்கும் ஒரு பழைய கடைசல் இயந்திரத்தின் முன் செலவிடுகிறேன். பிழைப்புக்காக அன்று, மன நிறைவுக்காக மட்டுமே.

இந்த ஆசை எப்படி வந்தது? சில ஆண்டுகளுக்கு முன் என் இளைய மகளின் மரத்தொட்டிலில் கால் ஒன்று முறிந்துவிட்டது. அடுத்த தெருவில் கடைசல் பட்டறை வைத்திருந்த முதிய ஆசாரி ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அவர் ஒரு சதுரக் கட்டையை எடுத்தார்; முனைகள் இரண்டையும் இயந்திரத்தில் பூட்டினார்; உளியை வைத்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டை உருண்டு திரண்டு, குமிழும் கழுத்துமாக, பழைய காலுக்கு இரட்டைப் பிள்ளை போல வெளிவந்தது. கண்கொட்டாமல் நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்தார். பின்னர் அவர் புதிய இயந்திரம் வாங்கியபோது, பழையதை மலிவான விலைக்கு எனக்கே தந்துவிட்டார்.

கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவன் நான். 'கடைதல்' என்ற வினைச்சொல்லை ஏட்டில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மோர் கடைவதும் கடைதல். மரத்தைக் கடைவதும் கடைதல். இரண்டிலும் ஒன்று சுழல்கிறது. சுழற்சியில் வேண்டியது ஒருபுறமும் வேண்டாதது மறுபுறமுமாகப் பிரிகிறது. மோர் கடையும் மத்தே கூட மரத்தில் கடைந்ததுதானே! நம் பாட்டிமார் பழகிய மத்து, சப்பாத்திக் கட்டை, தொட்டில் கால், கட்டில் கால், நடைவண்டிக் கம்பு, பிள்ளைகளின் பம்பரம், சொப்புச் சாமான் யாவும் கடைசல்காரரின் கை கண்டவை. நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளுக்குத் தனிப் பெயரே உண்டு. பிளாஸ்டிக் வந்த பிறகு இவற்றுள் பல நம் வீடுகளைவிட்டு வெளியேறிவிட்டன.

நேயர்களே! வேலை எளிதன்று. கட்டையைப் பூட்டுமுன் அதன் நான்கு மூலைகளையும் சீவி எட்டுப் பட்டையாக்கிக்கொள்ள வேண்டும். பருத்த கட்டை மெதுவாகச் சுழல வேண்டும்; அது மெலிந்த பின்னரே வேகத்தைக் கூட்டலாம். உளி முதலில் தாங்குகட்டையில் அமர வேண்டும். அதன் பின் உளியின் சரிவான முதுகு மரத்தைத் தொட வேண்டும். கடைசியில்தான், பிடியைச் சற்றே உயர்த்தி, கூர்முனையை மரத்தில் இறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முனையை வைத்தால் மரம் உளியைக் கவ்விக்கொள்ளும். பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடம் நோக்கியே உளி நகர வேண்டும். எதிர்த்து ஏறினால் நார் பிய்ந்துவிடும். தளர்ந்த ஜிப்பாக் கையும் தோளில் தொங்கும் துண்டும் இயந்திரத்தின் அருகில் ஆகவே ஆகாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பச்சை மரத்தைக் கடைந்து வைத்தால் காயும்போது வெடிக்கும். எனவே வாங்கிய கட்டையை நிழலில் பல மாதங்கள் காயவிட வேண்டும். பூவரசும் வேம்பும் இங்கே எளிதில் கிடைக்கின்றன. ஆனால் கடைசலுக்கென்றே பிறந்தது போன்ற மரம் வெட்பாலை. தோல் நோய்க்குத் தைலம் காய்ச்ச அதன் இலையை நாம் அறிவோம். அதன் மரமோ தந்தம் போல் வெளுத்து, நெருங்கிய நாருடன் இருக்கும்.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் இருக்கும் சென்னபட்டணத்தின் பொம்மைகள் அந்த மரத்தில் செய்யப்பட்டே புகழ் பெற்றன. பாரசீகக் கைவினைஞர்களை அழைத்து வந்து இக்கலையை அங்கே ஊன்றியவர் திப்பு சுல்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்றும் அவ்வூரில் கடைசல் பட்டறை நடத்துவோரில் முஸ்லிம் குடும்பங்கள் பல. சுழலும் பொம்மையின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போல் பளபளக்கும்.

கெய்ரோ நகரத்துப் பழைய வீடுகளின் 'மஷ்ரபிய்யா' சாளரங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கடைந்தெடுத்த சிறுசிறு மரத்துண்டுகளை ஆணியின்றி ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய சாளரங்கள் அவை. காற்று உள்ளே வரும்; வெயில் வடிந்து வரும்; வீட்டுப் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்க முடியாது. அவற்றைச் செய்த கலைஞர்கள் தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றி, மறு கையாலும் காலாலும் உளியைப் பிடித்துக் கடைந்தவர்கள். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. பொறுமை ஒன்றே அவர்களின் முதல்!

அந்தப் பொறுமை எனக்கு இருந்ததா? இனி நான் சொல்லப்போவது பெருமைக்குரிய செய்தியன்று. ஆயினும் மறைக்க விரும்பவில்லை.

எங்கள் மதரஸாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதினான். தமிழில் நாம் 'ஸ' என்று ஒரே எழுத்தால் எழுதிவிடும் ஒலி அரபியில் ஸே, ஸீன், ஸாத் என மூன்றாகப் பிரியும். அவனுக்கு அந்த மூன்றும் ஒன்றாகவே இருந்தன. பல முறை சொல்லிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அவன் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் பிழையாகவே ஓதினான். ஒரு வியாழக்கிழமை, பாடம் முடியும் நேரம். களைப்பும் சினமும் என்னை மிகைத்துவிட்டன. பிரம்பை எடுத்தேன். அவனுடைய உள்ளங்கையில் நான்கு அடி. அவன் அழவில்லை. கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு தலைகுனிந்து சென்றுவிட்டான். கண்டிப்பில்லாமல் கல்வி ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் கொட்டகைக்குச் சென்றேன். நன்கு காய்ந்த பூவரசங்கட்டை ஒன்றைப் பூட்டினேன். மனம் ஒரு நிலையில் இல்லை. உளி ஓரிடத்தில் வழுக்கியது. அழுத்தினேன், மீண்டும் வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம்! உளி கவ்விக்கொள்ள, கட்டை பிளந்து, ஒரு துண்டு என் காதோரமாகப் பறந்து தகரச் சுவரில் மோதி விழுந்தது. அல்லாஹ்வின் அருளால் காயமில்லை. ஆனால் வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிளந்த கட்டையை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் சென்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளவின் நடுவே, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, கறுத்த கணு ஒன்று இருந்தது.

"பாய், கணு இருக்கான்னு தட்டிப் பார்க்காம ஏத்திட்டீங்க. உளி வழுக்கினா, உள்ளே என்னமோ இருக்குன்னு அர்த்தம். இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கணும். நீங்க அழுத்தியிருக்கீங்க. கட்டைமேல கோபப்பட்டு என்ன செய்ய?" என்றார்.

அவர் மரத்தைப் பற்றித்தான் பேசினார். எனக்குக் கேட்டதோ வேறு. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிறுவனின் மடங்கிய கையே கண்முன் நின்றது.

அன்று ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசலில் அமர்ந்திருந்தேன். மிம்பரைப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் வரலாறு நினைவுக்கு வந்தது. அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் தச்சுவேலை அறிந்த பணியாளர், பெருமானார் (ஸல்) அவர்களுக்கு மிம்பர் செய்து கொடுத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அதுவரை அண்ணலார் பேரீச்ச மரத் தண்டு ஒன்றின் அருகில் நின்று உரையாற்றி வந்தார்கள். புதிய மிம்பரில் அவர்கள் ஏறியதும், அந்தத் தண்டு பிரிவு தாளாமல் குழந்தையைப் போல் அழுதது. அண்ணலார் இறங்கி வந்து அதை அணைத்துக்கொண்டார்கள். தேற்றப்படும் குழந்தையைப் போல் விம்மி விம்மி அது அடங்கியது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

நேயர்களே! பட்ட மரத்தின் அழுகைக்காக மிம்பரிலிருந்து இறங்கி வந்தவர்கள் நம் நபி. அவர்களின் உம்மத்தில் ஒருவனான நான், உயிருள்ள ஒரு பிள்ளையின் அழாத முகத்தைப் பார்த்தும் என் இடத்தைவிட்டு இறங்கவில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒரு முறைகூட 'சீ' என்று சொல்லாதவர்களின் குர்ஆனைக் கற்றுக்கொடுக்க, என் கையில் பிரம்பு!

சனிக்கிழமை அவன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். ஓட்டு வீடு. தாய் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். "அவன் மேல தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க ஹஜ்ரத்" என்றார். மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் மன்னிப்பு! எனக்குப் பேச்சு எழவில்லை.

பேச்சினூடே அவர் சொன்ன ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. மகனுக்கு நெடுநாளாகவே காதில் சீழ் வடிகிறதாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றினாராம். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டானாம். "விளையாட்டுப் புத்தின்னு நினைச்சேன் ஹஜ்ரத்."

கணு அங்கே இருந்தது! அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது திமிரினால் அன்று. காதால் பிடிக்க முடியாததைக் கண்ணால் பிடிக்க முயன்றிருக்கிறான்.

மறுநாளே தாயையும் பிள்ளையையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றவே கூடாது, குளிக்கும்போது தண்ணீர் புகாமல் காக்க வேண்டும் என்று எச்சரித்தார். அன்னையரே, இதை நீங்களும் மனத்தில் கொள்ளுங்கள். ஓதுவதிலோ படிப்பதிலோ ஒரு பிள்ளை பின்தங்கினால், அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா, கண் நன்றாகத் தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள். சோம்பலா, அடமா என்பதைப் பிறகு ஆராயலாம்.

அவன் இப்போது முன் வரிசையில், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி அமர்கிறான். மருந்தால் சீழ் நின்றிருக்கிறது; கேள்வி ஓரளவே திரும்பியிருக்கிறது. ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டை, நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக் காட்டிப் பழக்குகிறேன். இன்னும் மெதுவாகத்தான் ஓதுகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க எனக்கு ஆசைதான். ஆனால் முஸ்ஹஃபை வாங்குவதற்காக நான் கை நீட்டினால், இன்றும் அவன் கை தானாகவே பின்வாங்குகிறது. அந்தக் கணம் ஒவ்வொன்றும் எனக்கு ஓர் அடி. பிரம்பு இப்போது மதரஸாவில் இல்லை.

சென்ற பெருநாளுக்கு வெட்பாலைக் கட்டையில் பம்பரங்கள் கடைந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். அவனுடைய பம்பரத்துக்கு மட்டும் இரண்டு முறை அரக்கேற்றினேன். ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாய், இப்பத்தான் உளி உங்க கையில நிக்குது" என்றார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்தக் கல்லூரியும் தந்ததில்லை.

ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது நபிமொழி. தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள். கைத்தொழிலை இழிவாகக் கருதுவோர் நம் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பட்டப்படிப்பும் பாடசாலையும் எனக்குக் கற்றுத் தராத ஒன்றை ஒரு கட்டை மரம் கற்றுத் தந்தது. உளி வழுக்கும்போது அழுத்தக் கூடாது. நிறுத்திப் பார்க்க வேண்டும். பெற்றோராகிய நீங்களும், ஓதுவிக்கும் நாங்களும் கையாளுவது மரத்தையன்று, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தை!

பிளந்த அந்தப் பூவரசங்கட்டை இன்னும் என் கொட்டகையில்தான் இருக்கிறது. அதை அடுப்புக்குக் கேட்ட என் மனைவியிடம் கொடுக்கவில்லை.

பிள்ளைகளின் உள்ளத்தை அறியும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.