ஊசுட்டேரிக் கரையினிலே

தேநீர்க் கடைச் சுவரிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், புதுமணத் தம்பதியர் வீட்டுக் கூடத்திலும் அந்தப் படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீல ஏரி, கரையில் செந்நிற ஓடு வேய்ந்த சிற்றூர், ஊர் நடுவே ஆலயக் கோபுரம், பின்னே பனி மூடிய மலை. இத்தாலியின் கோமோ ஏரியாகவோ கார்தா ஏரியாகவோ அது இருக்கலாம். பிரான்சு நாட்டில் வாழும் நம் புதுவை உறவினர்கள் விடுமுறையில் வரும்போது வெனிசு நகரத்துப் படகுகளையும் உரோமைப் பேராலயத்தையும் வியந்து பேசுவார்கள். கேட்டு நாமும் மகிழ்கின்றோம். அவ்வழகைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஏரிகளையும் ஊர்களையும் ஒரு பயணியின் கண்கொண்டு நாம் எப்போதேனும் பார்த்ததுண்டா? இந்த வினா நெஞ்சை உறுத்தவே, ஒரு மார்கழிக் காலையில் பேருந்து ஏறினோம்.

வில்லியனூரில் முதலில் நம்மை வரவேற்றது தூய லூர்து அன்னை திருத்தலம். பிரான்சின் லூர்து நகரில் 1858-ஆம் ஆண்டு அன்னை காட்சியளித்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே, 1877-இல், இச்சிற்றூரில் அன்னையின் திருச்சுரூபம் நிறுவப்பெற்றது. ஆலயத்தின் எதிரே படிக்கட்டுகளோடு கூடிய திருக்குளம் விளங்குகின்றது. லூர்து நகரில் ஊற்று, இங்கே குளம். கோயில் என்றால் குளமும் வேண்டும் என்னும் தமிழர் மரபு ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தியைத் தன் மடியில் ஏந்திக்கொண்டது. சற்றுத் தொலைவில் திருக்காமீசுவரர் கோயில். அதன் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கின்றது. மேற்கும் கிழக்கும் இவ்வூரில் அண்டை வீட்டாராய் வாழப் பழகியிருக்கின்றன.

அங்கிருந்து வடமேற்கே சென்றால் ஊசுட்டேரி. புதுவைப் பகுதியிலேயே பெரியது. ஏறத்தாழப் பாதி தமிழகத்தைச் சேர்ந்தது. புதுவை அரசு 2008-இலும் தமிழக அரசு 2014-இலும் தத்தம் பகுதிகளைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தன. எல்லைக் கோட்டை அறியாத நாமக்கோழிகள் இரு பக்கமும் நீந்திக் களித்தன. நத்தைகுத்தி நாரைகள் ஆழமற்ற நீரில் தவம் செய்வன போல் நின்றன. கரையோரப் பனைகளின் நிழல் நீரில் நடுங்கியது. பனிமலை இல்லை; மாளிகைகள் இல்லை. ஆயினும் நெஞ்சு நிறைந்தது.

மாலையில் பாகூர் சென்றோம். புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற ஊர். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர் பாகூர் ஏரியை நிரப்புகின்றது. பங்காரு, சிங்காரு என்னும் தாசியர் இருவர் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்று மக்கள் சொல்வர். கதையாயினும், நீர் தந்த பெண்களின் பெயரை ஊர் மறக்கவில்லை என்பது மெய். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. நிலமும் நீரும் கல்வியை வளர்த்த காலம் அது.

ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "ஏரியில தண்ணி இருந்தாத்தான் ஐயா கெணத்துலயும் ஊறும். இப்ப எல்லார்கிட்டயும் போர் இருக்கு. சுவிட்சைப் போட்டா தண்ணி கொட்டுது. ஏரிய யாரு திரும்பிப் பாக்கிறா?" என்றார்.

அச்சொல் நம்மை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. கோமோவையும் கார்தாவையும் குடைந்தவை பண்டைய பனிப்பாறைகள். கோமோ நானூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ளது. மனிதன் மறந்தாலும் அது ஏரியாகவே இருக்கும். நம் ஏரிகளோ மண்வெட்டியும் கூடையும் கொண்டு, நம் முன்னோர் தோளில் மண் சுமந்து கரை எழுப்பியவை. ஆண்டுதோறும் தூர் வாரவில்லையெனில் மேடாகிவிடும். வரத்து வாய்க்கால் அடைபட்டால் வறண்டுவிடும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால் உப்புநீர் உட்புகும் என்பதையும் நாம் அறிவோம். 1999 முதல் சில ஆண்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுவையின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. வெளியூரார் நம் ஏரிகளின் மதிப்பை உணர்ந்திருக்க, நாம் அவர்தம் ஏரிகளின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்துள்ளோம்!

இத்தாலிக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெசோ நகரத்து முத்திரை பதித்த செம்மண் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டுப் பொருள்கள் நம் கரையைத் தேடி வந்தன.

பொருள் மட்டுமா வந்தது? கார்தா ஏரிக்குத் தெற்கே, சில மைல் தொலைவிலுள்ள காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் 1680-இல் பிறந்த பெஸ்கி என்னும் குருவானவரும் வந்தார். நம் மறைமாவட்டத்துக் கோணான்குப்பத்தில் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் அவரே. பெரும் ஏரியின் அருகே வளர்ந்தவர், தம் தேம்பாவணியில் யூதேயா நாட்டைப் பாட நேர்ந்தபோது, அந்நாட்டிற்கே தமிழகத்து மருத நிலத்தின் வளத்தைச் சூட்டினார். தாம் வந்து சேர்ந்த மண்ணை அவர் அத்துணை ஊன்றிப் பார்த்திருக்கின்றார். பயணி ஒருவர் ஒரு நாட்டிற்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிது வேறு உண்டோ?

அன்பு வாசகரே, வாய்ப்பு வரின் இத்தாலிக்குச் செல்லுங்கள்; கண்குளிரக் காணுங்கள். அதற்கு முன் ஒருமுறை உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்து வாருங்கள். அதன் பெயரையும், அதற்கு நீர் வரும் வழியையும், மதகு இருக்குமிடத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள். பெயர் தெரிந்த ஏரியை எவரும் எளிதில் தூர்த்துவிட இயலாது. படைப்பை மனிதனின் கையில் ஒப்படைத்த இறைவன், அதை உழுது பண்படுத்தவும் காக்கவும் பணித்தார் என்பதைத் தொடக்கநூலில் வாசிக்கின்றோம். காப்பதற்கு முதற்படி, கண் திறந்து பார்ப்பதே.