போரிசோவின் பதின்மூன்று ஆண்டுகள்

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், பெரெசினா ஆற்றங்கரையில் போரிசோவ் என்னும் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தொடாத தொழில்நகரம். உலக வரலாற்றில் அதன் பெயர் ஒருமுறைதான் உரக்க ஒலித்தது. 1812 நவம்பர் இறுதியில் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படை இவ்வூருக்கு அருகில்தான் ஆற்றைக் கடந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே மாண்டனர். பிரெஞ்சு மொழியில் இன்றும் பெருந்தோல்வியைக் குறிக்க ‘பெரெசினா’ என்ற சொல் வழங்குகிறது. அதற்குப் பிறகு அவ்வூரின் பெயரை ஐரோப்பியச் செய்தித்தாள்கள் மீண்டும் அச்சிட ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. இம்முறை காரணம் ஒரு கால்பந்துக் கழகம்.

பாத்தே என்பது அக்கழகத்தின் பெயர். அதற்குக் கவித்துவமான பொருள் எதுவும் இல்லை. ‘போரிசோவ் மோட்டார்வண்டி மற்றும் டிராக்டர் மின்கருவித் தொழிற்சாலை’ என்ற நீண்ட ரஷ்யப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் அது. அத்தொழிற்சாலையில் வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர்களும் ஜெனரேட்டர்களும் உற்பத்தியாகின்றன. ஒரு ஸ்டார்ட்டர் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய அணி, 2012 அக்டோபர் 2 அன்று மின்ஸ்க் அரங்கில் பயர்ன் மியூனிக்கை 3–1 என்று வென்றது. அவ்வாண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பையை இறுதியில் உயர்த்தியதும் அதே பயர்ன்தான். விளையாட்டு எழுத்தாளர்கள் இதனைத் தேவதைக்கதை என்று எழுதினார்கள். அவ்வாறு எழுதுவது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். ஒரு சிற்றூர்க் கழகம் தன் நாட்டுக் கால்பந்தின் மையமாக எவ்வாறு ஆனது, அப்படி ஆனதால் அந்நாட்டுக் கால்பந்துக்கு என்ன நேர்ந்தது என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் மற்றப் பாதி புலப்படும்.

சோவியத் காலத்தில் கால்பந்துக் கழகம் என்பது பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் நீட்சி. இராணுவம், காவல்துறை, இரயில்வே, ஆலை ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அணியை வைத்திருந்தது. ஆட்டக்காரர்கள் ஆலையின் ஊழியர் பட்டியலில் இருப்பார்கள்; பணி ஆடுகளத்தில் நடக்கும். பாத்தே 1973இல் இப்படித்தான் பிறந்தது. 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் பெலாரஸ் குடியரசு அளவிலான போட்டியை வென்றது. ஆனால் அது சோவியத் கால்பந்தின் கீழ்த்தளம். அனைத்து ஒன்றிய உச்சப் பிரிவில் நிலையாக இடம்பிடித்த ஒரே பெலாரஸ் அணி டைனமோ மின்ஸ்க். எடுவர்து மலஃபேயெவின் பயிற்சியில் 1982இல் சோவியத் பட்டத்தையே அது வென்றது. மாகாண ஊர்களின் திறமையாளர்கள் அங்கே போய்ச் சேர்வதே அன்றைய ஒழுங்கு. போரிசோவ் அணி எண்பதுகளில் கலைந்தபோது, ஊருக்கு வெளியே அதனைப் பொருட்படுத்தியவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

1991இல் நாடு விடுதலை பெற்றது. 1992இல் தொடங்கிய தேசிய லீகில் முதல் ஐந்து பட்டங்களையும் டைனமோ மின்ஸ்க் தொடர்ந்து வென்றது. தலைநகரின் ஆதிக்கம் பழைய வேகத்திலேயே ஓடியது என்று இதைக் கொள்ளலாம். அதன் பின் நிகழ்ந்ததுதான் சுவையானது. 1996 முதல் 2005 வரையிலான பத்துப் பட்டங்களை ஏழு கழகங்கள் பகிர்ந்துகொண்டன. மோசிர் இரண்டு, மகிலேவ் ஒன்று, பப்ருய்ஸ்க் ஒன்று, கோமெல் ஒன்று, சலிகோர்ஸ்க் ஒன்று, போரிசோவ் இரண்டு. தலைநகருக்குக் கிடைத்தவை இரண்டு மட்டுமே. இவ்வூர்களுள் பலவற்றின் பின்னால் ஆலைகள் நின்றன. பப்ருய்ஸ்க் அணியின் பெயரான ‘பெல்ஷீனா’ அங்குள்ள டயர் தொழிற்சாலையின் பெயர். சலிகோர்ஸ்க் அணியின் ‘ஷக்த்யோர்’ என்பதற்குச் சுரங்கத் தொழிலாளி என்று பொருள். பொட்டாஷ் சுரங்கங்களின் ஊர் அது. போரிசோவுக்கு அண்டையிலுள்ள ஜோதினோவின் அணி, ராட்சத லாரிகள் செய்யும் பெலாஸ் ஆலையின் பெயரைச் சுமக்கிறது. அண்டை நாடுகளில் அரசுத் தொழில்கள் தனியார்மயமாகி, ஆலை அணிகள் சிதறிய அதே பத்தாண்டில், ஆலைகளை அரசே வைத்துக்கொண்ட பெலாரஸில் அவ்வமைப்பு பிழைத்திருந்தது. பெலாரஸ் அரசியலைப் பற்றி எத்தகைய கருத்து இருப்பினும், இத்தொடர்பைக் காணாமல் அந்நாட்டுக் கால்பந்தைப் புரிந்துகொள்ள இயலாது. இந்திய வாசகருக்கு இது அந்நியமான செய்தியும் அன்று. 1996–97இல் முதல் தேசியக் கால்பந்து லீகை வென்றது பக்வாராவின் ஜேசிடி ஆலை அணி. 2011இல் நிர்வாகம் அதனைக் கலைத்தது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு ஓராண்டு முன்னரே மறைந்திருந்தது. ஆலையின் நிழலில் வளரும் அணி, ஆலையின் மனம் மாறும் நாளில் என்ன ஆகும் என்பதை இந்தியா வேறு விதமாகக் கண்டிருக்கிறது.

பாத்தே 1996இல் மீண்டும் உயிர்பெற்றது. தொழிற்சாலையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த அனத்தோலி காப்ஸ்கி அதற்குக் காரணர். யூரி புந்துஸ் பயிற்சியாளர் ஆனார். மூன்றாம் பிரிவில் தொடங்கிய அணி அவ்வாண்டே அதனை வென்றது. 1997இல் இரண்டாம் பிரிவையும் வென்றது. 1998இல் உச்சப் பிரிவில் அடியெடுத்து வைத்த முதல் ஆண்டிலேயே இரண்டாம் இடம். 1999இல் தேசியப் பட்டம். நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த ஏற்றம் பணத்தால் மட்டும் ஆனதன்று. இளம் ஆட்டக்காரர்களைக் கண்டெடுத்து, வளர்த்து, உரிய நேரத்தில் மேற்கே விற்று, அப்பணத்தில் அடுத்த தலைமுறையைக் கட்டுவது என்ற எளிய கணக்கைக் கழகம் பிசகாமல் பின்பற்றியது. 2000இல் அலெக்சாண்டர் ஹ்லெப் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார். பின்னர் ஆர்சனலிலும் பார்சலோனாவிலும் ஆடினார். 2001இல் வித்தாலி குத்துசவ் ஏசி மிலானுக்குப் போனார். மேலே ஏறிய ஆட்டக்காரர் இறங்குகாலத்தில் திரும்பி வரக்கூடிய வீடாகவும் கழகம் இருந்தது. பயர்னை வென்ற அணியில் ஹ்லெப்பும் இருந்தார்.

2006 முதல் 2018 வரை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பாத்தே தேசியப் பட்டத்தை வென்றது. ஐரோப்பாவில் நார்வேயின் ரோசன்போர்க் பதின்மூன்றும், லாட்வியாவின் ஸ்கோன்டோ ரீகா பதினான்கும் இவ்வாறு தொடர்ந்து வென்றிருக்கின்றன. ஆனால் ரீகா ஒரு தலைநகரம். துரோண்ட்ஹைம் நார்வேயின் பெருநகரங்களுள் ஒன்று. போரிசோவின் அளவுள்ள ஊர் இத்தகைய வரிசையில் நிற்பது அரிது.

இந்த ஆதிக்கத்தின் முகமாக விளங்கியவர் விக்டர் கன்ச்சரெங்கோ. அதே கழகத்தின் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்து, காயத்தால் இளமையிலேயே ஆட்டத்தைத் துறந்தவர். 2008இல் ஆண்டர்லெக்டையும் சோஃபியாவின் லெவ்ஸ்கியையும் தகுதிச் சுற்றில் வீழ்த்தி, சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குள் நுழைந்த முதல் பெலாரஸ் கழகமாகப் பாத்தேயை ஆக்கியபோது அவருக்கு வயது 31. அதற்குமுன் அவ்வளவு இளைய பயிற்சியாளர் எவரும் அந்நிலையில் அணியை நடத்தியதில்லை. குழுவில் ரியல் மாட்ரிட், யுவெண்டஸ், செனித் ஆகிய அணிகள் இருந்தன. மின்ஸ்கில் யுவெண்டஸுக்கு எதிராக அரை மணி நேரத்துக்குள் பாத்தே இரண்டு கோல் முன்னிலை பெற்றது. ஆட்டம் 2–2 என முடிந்தது, டூரினிலும் 0–0. ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை, மூன்றே புள்ளிகள். எனினும் ஐரோப்பாவின் மேசையில் தனக்கு ஓர் இருக்கை உண்டு என்று அவ்வூர் அறிந்துகொண்டது அந்த இலையுதிர்காலத்தில்தான். நான்கு ஆண்டுகள் கழித்து லீல் நகரில் 3–1, அடுத்து பயர்னுடன் 3–1 என்று முதல் இரு ஆட்டங்களையும் வென்றபோது வியப்பு குறைந்து மரியாதை கூடியிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். குழுச் சுற்றுக்குள் ஒருமுறை நுழைந்தால் கிடைக்கும் தொகை, பெலாரஸ் லீகின் மற்றக் கழகங்களுக்குக் கனவிலும் எட்டாதது. உள்நாட்டில் தொலைக்காட்சி வருவாய் சொற்பம். சீட்டு விற்பனையும் அப்படியே. ஆகவே ஐரோப்பியப் பணம் பெற்ற அணி உள்நாட்டில் சிறந்த ஆட்டக்காரரை வாங்குகிறது. அதனால் பட்டம் பெறுகிறது. பட்டத்தால் மீண்டும் ஐரோப்பாவுக்குப் போகிறது. சக்கரம் தானே சுழலத் தொடங்கிவிடுகிறது. பத்து ஆண்டுகளில் ஏழு சாம்பியன்களைக் கண்ட லீக், அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் ஒரே சாம்பியனைக் கண்டது. தலைநகரின் தனியுரிமையை உடைத்த மாகாண எழுச்சியின் மிகச் சிறந்த விளைவு, பிற மாகாணங்கள் அனைத்திற்கும் கதவை அடைத்தது. மோசிரிலோ பப்ருய்ஸ்கிலோ கால்பந்தை நேசித்த ஒருவருக்குப் பாத்தேயின் ஐரோப்பிய இரவுகள் பெருமிதம் தந்திருக்கலாம். தன் ஊர் இனி வெல்லாது என்ற செய்தியையும் அவையே தந்தன. இதற்குப் போரிசோவைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆற்றலுக்கேற்ப ஆடுவது ஒரு கழகத்தின் கடமை. பரிசுப் பணத்தைப் பங்கிடும் விதி வேறு இடத்தில், வேறு மேசைகளில் எழுதப்படுகிறது. சிறு நாட்டு லீகுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார லீகுகளுக்கும் ஏழை லீகுகளுக்கும் இடையிலான இடைவெளியையே அளக்கின்றன. ஏழை லீகின் உள்ளேயே அப்பணம் உண்டாக்கும் பிளவு அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை.

2014இல் போரிசோவ் அரினா திறக்கப்பட்டது. ஸ்லொவேனியக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த, ஏறத்தாழ 13,000 பேர் அமரக்கூடிய அரங்கு. சிறு ஊருக்குப் பெரிய அரங்குதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. அதுவரை சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களைக் கழகம் மின்ஸ்கில் ஆட வேண்டியிருந்தது. ஊரின் பழைய அரங்கு சில ஆயிரம் பேருக்கானது. தன் ஊர்க் கழகம் ரியல் மாட்ரிட்டுடன் ஆடுவதைக் காணப் போரிசோவ்வாசி தலைநகருக்கு வண்டியேற வேண்டியிருந்த நிலையை அரினா மாற்றியது. அங்கே அத்லெடிக் பில்பாவோவை 2–1 என்றும், அடுத்த ஆண்டு ரோமாவை 3–2 என்றும் வென்றார்கள். அதே அரினாவில் தொனெத்ஸ்கின் ஷக்தாரிடம் 0–7 என்று தோற்றதும் உண்டு. அந்த ஒரே ஆட்டத்தில் லூயிஸ் அத்ரியானோ ஐந்து கோல் அடித்தார். அவ்வாண்டுக் குழுச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் அணி வாங்கிய கோல்கள் 24. உள்நாட்டில் எதிரியே இல்லாத அணிக்கு வெளியே எத்தகைய எதிரிகள் காத்திருந்தனர் என்பதை அந்த எண் காட்டுகிறது. வாரந்தோறும் எளிதில் வெல்வது ஓர் அணியைக் கூர்மைப்படுத்துவதில்லை.

2018 செப்டம்பரில் காப்ஸ்கி காலமானார். அவ்வாண்டின் பட்டமே பதின்மூன்றாவது. அதன் பிறகு பட்டம் வரவில்லை. 2019 பிப்ரவரி 14 அன்று போரிசோவில் ஸ்தனிஸ்லாவ் த்ராகுனின் ஒரே கோலால் ஆர்சனலை வென்றதும், லண்டனில் 0–3 என்று திரும்பியதும் கடைசிப் பெருவெளிச்சம். அவ்வாண்டின் பட்டம், தனியார் பணத்தின் பலத்தில் எழுந்த டைனமோ பிரெஸ்துக்குப் போயிற்று. மரடோனாவையே 2018இல் தலைவராக அழைத்துவந்த கழகம் அது. இரு வளர்ச்சிப் பாதைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 2020, 2021 ஆண்டுகளில் தேசியக் கோப்பை போரிசோவுக்குக் கிடைத்தது. லீக் பட்டமோ இரு முறையும் சலிகோர்ஸ்கின் சுரங்கத் தொழிலாளர் அணிக்கு. ஒரு மனிதரின் மரணத்தையும் ஒரு கழகத்தின் சரிவையும் நேர்க்கோட்டில் இணைப்பது அவசர முடிவாகலாம். போட்டியாளர்கள் வளர்ந்தார்கள், ஐரோப்பிய வருவாய் நின்றது, சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றது. ஆயினும் இருபதாண்டுகளுக்கு மேலாக ஒரே கையில் இருந்த அமைப்பு, அக்கை இல்லாதபோது தன்னை நடத்திக்கொள்ளக் கற்றிருந்ததா என்ற ஐயத்தை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

2020 மார்ச்சில் உலகின் பெரும்பகுதியில் ஆட்டங்கள் நின்றபோதும் பெலாரஸ் லீக் தொடர்ந்தது. வேறு ஆட்டங்கள் அரிதாக இருந்ததால் இந்தியா உட்படப் பல நாடுகளின் ஒளிபரப்பாளர்கள் அதன் உரிமையை வாங்கினார்கள். தொடக்கச் சுற்றில் பாத்தே, மின்ஸ்கின் பல்கலைக்கழக அணியான எனெர்கேதிக்கிடம் 1–3 என்று தோற்றது. பாத்தேயை அன்றுதான் முதன்முதலாகக் கண்ட புதிய பார்வையாளர்களுக்கு அது ஏதோ ஒரு நடுத்தர அணியாகத் தோன்றியிருக்கும்.

2022இல், உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, பெலாரஸ் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளில் தம் ‘உள்ளூர்’ ஆட்டங்களை வெளிநாட்டின் நடுநிலை அரங்குகளில், பார்வையாளர் இன்றி ஆட வேண்டும் என்று யூஃபா முடிவு செய்தது. ஐரோப்பாவை ஊருக்குக் கொண்டுவருவதற்காக எழுப்பப்பட்ட போரிசோவ் அரினாவுக்கு அப்போது வயது எட்டு. அங்கே இப்போது நடப்பவை தேசிய லீகின் ஆட்டங்கள். வசந்தத்தில் தொடங்கி, பனி இறங்கும் நவம்பர் வரை, பெலாஸ் ஆலையின் அணி போன்றவை அங்கே வந்து போகின்றன.