ஆட்டுக் கிடைக்கு நடுவே ஒரு வழி

கோதுமை வயலின் குறுக்கே நேராக ஓடிய ஒற்றையடிப் பாதையின் முன் அவர் தயங்கி நின்றார். வடக்கனந்தல்காரர். வரப்பில் இறங்கினாலே "யாருப்பா அது?" என்று குரல் வரும் ஊரில் வளர்ந்தவர். வேலியோரத்து மரக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தது. மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரையும் மிதிவண்டியும்கூடப் போகலாம்.

வேலைக்காகப் பிரைட்டனுக்கு வந்த முதல் வருடம் சசெக்ஸை எல்லோரையும் போலத்தான் சுற்றினார். ஹேஸ்டிங்ஸில் துறைமுகமில்லாத கூழாங்கல் கரையிலிருந்து மீன்பிடிப் படகைக் கடலுக்குள் தள்ளுவதைப் பார்த்தார். முன்பு துறைமுகமாக இருந்து, இன்று கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்ட ரை நகரின் கல் பாவிய தெருவில் ஏறினார். 162 மீட்டர் உயரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புச் சுவராக நிற்கும் பீச்சி ஹெட்டில் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எல்லாம் அழகுதான். ஆனாலும் அவரைப் பிடித்து இழுத்தது அந்த மஞ்சள் அம்பு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் பொதுவழி உண்டு. நிலம் தனியாருடையது, வழி மட்டும் பொது. 20 ஆண்டு தடையில்லாமல் மக்கள் நடந்த தடத்தைப் பொதுவழி என்று கோரச் சட்டம் இடம் தருகிறது. குறுக்கே போகும் பாதையை உழுதுவிட்டால், 14 நாளுக்குள் விவசாயி அதைத் திரும்பச் சரிசெய்து தர வேண்டும். இந்த உரிமைகளுக்குப் பின்னால் நெடுங்காலப் போராட்டம் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், ஜமீன்தார்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பொதுவழிகளை வரைபடத்தில் ஏற்றிக் காக்கும் சட்டம் 1949இல் வந்தது.

ஊரில் கோமுகி அணைக்கு மேலே நிற்கிற கல்வராயன் மலை அவர் நினைவுக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்து கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகும் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. 1976இல்தான் அரசிடம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பொதுவழிகளைப் பற்றி அப்பாவிடம் சொன்னார்.

"ஊரான் கொல்லையில நடந்தா சும்மா விடுவானா?"

"வழி பொதுவாம்ப்பா."

"நம்ம வண்டிப்பாதையும் பொதுதான்டா. வேலி போட்டு நாலு வருசமாச்சு. கரும்பு வெட்டுனா சுத்திக்கிட்டுல்ல போறோம்."

ஜூன் மாதத்தில் ஒருநாள் பாட்சம் ஊரைத் தாண்டி ஆட்டு மேய்ச்சலுக்கு நடுவே ஏறினார். மேலே வெள்ளைப் பளிங்கில் எட்டுத் தூண்கள் தாங்கிய ஒரு குவிமாடம். சாத்ரி என்று பெயர். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டு, பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை எரித்த இடம். பிரைட்டன் அரண்மனையே அப்போது இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக இருந்தது. சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். நினைவிடம் 1921இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்ரிக்ஸ் என்ற பம்பாய் இளைஞர். எரிக்கப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த கல் 2010இல்தான் பக்கத்தில் வந்தது.

53 பெயர்களையும் ஒன்று விடாமல் வாசித்தார். வாய்விட்டு வாசித்தார். கேட்க ஆடுகள்தான் இருந்தன. வீட்டாருக்கு முகம்கூடக் காட்டாமல் போனவர்களுக்கு அந்த மேட்டில் அது ஒன்றுதான் செய்ய முடிந்தது.

அன்றிரவு போனில் நெடுநேரம் பேசினார். அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்த மேட்டுக்கு வண்டி போகாதா?"

"போகாதுப்பா. நடந்துதான் போகணும்."

"அப்ப அந்த வழிய யாரும் அடைக்காம வச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "உழுதா எத்தனை நாள்னு சொன்ன?" என்று மறுபடி கேட்டார்.

"பதினாலு."

அடுத்த ஞாயிறு அப்பா முந்திக்கொண்டு பேசினார். கிராம வரைபடத்தின் நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.